யார் குற்றம்?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, உறவுக்காரப் பெண் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். இடுப்பில் ஒன்பது மாதக் கைக்குழந்தை. கையைப் பிடித்தபடி நாலு வயதுப் பையன். பையன் உள்ளே நுழைந்ததும் நேரே கூடத்து மின்சார விசிறிக்குக் கீழே போய் நின்று, அண்ணாந்து அதன் சுழற்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்; திரும்பவில்லை. மிட்டாயை நீட்டினேன், மிட்டாயைப் பார்த்தானே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கு ஆட்டிஸம் என்று டாக்டர்கள் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

காப்பி குடித்து முடிக்கும்வரை அவள் ஊர்ச் சமாசாரங்களைப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பெரியப்பா, நாளைக்குப் பாப்பாவுக்குத் தட்டம்மை ஊசி போட வேண்டிய நாள். போடலாமா, வேண்டாமா? நீங்கள் நாலு புத்தகம் படிக்கிறவர், சொல்லுங்கள்" என்றாள்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றேன்.

"இவனுக்கு ஒன்றரை வயதில் போட்டோம். அதுவரைக்கும் அம்மா, காக்கா, தா என்று ஏழெட்டு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாக நின்றுபோயிற்று. ஊசியால்தான் இது வருகிறதென்று வெளிநாட்டில் ஒரு பெரிய டாக்டரே கண்டுபிடித்திருக்கிறாராம், போனில் வந்தது. நான்தானே பெரியப்பா, இவனை மடியில் வைத்துக்கொண்டு, காலை உதறாமல் அழுத்திப் பிடித்தேன்?"

அந்தக் கடைசி வார்த்தைகளுக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. ஊசியைப் பற்றிய சந்தேகம் அல்ல அவளை அரித்தது. தன் கையைப் பற்றிய சந்தேகம். ஆட்டிஸம் என்ற பெயர் குழந்தை வைத்தியத்தில் அடிபடத் தொடங்கிய நாளிலிருந்தே இந்தக் கேள்வி தாய்மார்களைத் துரத்தி வந்திருக்கிறது. அந்தச் சரித்திரத்தைத்தான் அன்று அவளிடம் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

கதை ஒரு தகப்பனாரின் கடிதத்தில் தொடங்குகிறது. 1938ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த வக்கீல் ஒருவர், பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்த குழந்தை மனநோய் நிபுணர் லியோ கானருக்குத் தம் ஐந்து வயது மகன் டொனால்டைப் பற்றி எழுதினார். டைப் அடித்த 33 பக்கங்கள்! பையன் ஒரு வயதிலேயே பல பாட்டுகளைச் சுருதி பிசகாமல் முணுமுணுப்பான். கேட்ட வாக்கியங்களை அப்படியே ஒப்பிப்பான். எந்தப் பொருள் கிடைத்தாலும் தரையில் சுழல விட்டு மகிழ்வான். ஆனால் தாய் வந்தாலும் சரி, தகப்பன் வந்தாலும் சரி, ஏறிட்டுப் பார்க்கமாட்டான். ஒன்றையும் விடாமல் அந்த மனிதர் எழுதியிருந்தார்.

கானர் அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. பையனை வரவழைத்துப் பார்த்தார். அவனைப் போன்ற மேலும் பத்துக் குழந்தைகளைக் கண்டார். 1943ஆம் ஆண்டில் அந்தப் பதினொரு குழந்தைகளையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிஸம் என்பது தனி ஒரு நிலை என்று உலகம் அறிந்துகொண்டதில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு தகப்பன் தன் குழந்தையைக் கூர்ந்து பார்த்ததும், ஒரு டாக்டர் அந்தத் தகப்பனின் சொல்லை மதித்ததும் சேர்ந்துதான் இந்த அறிவு பிறந்தது. பெற்றவர்களின் சொல்லை அலட்சியம் செய்யும் டாக்டர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டொனால்டு பிறந்தது 1933இல். தட்டம்மைக்கு ஊசி முதன்முதலில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1963இல். அந்த ஊசி தோன்றுவதற்கு முப்பது வருஷம் முன்பே, அந்த ஊசியின் நிழல்கூடப் படாமல் அந்தக் குழந்தை தன் தனி உலகத்தோடு பிறந்துவிட்டது.

கானர் தம் கட்டுரையின் முடிவில், இக்குழந்தைகள் பிறக்கும்போதே இக்குறையோடு பிறக்கிறார்கள் என்றுதான் எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்தப் பெற்றோர்களில் பலர் படித்தவர்கள், உணர்ச்சியை வெளியே காட்டாதவர்கள் என்றும் சேர்த்து எழுதினார். சில ஆண்டுகளுக்குப் பிறகு, பனி உருகாத ரெப்ரிஜிரேட்டருக்குள் வைக்கப்பட்டவைபோல இக்குழந்தைகள் வளர்ந்தார்கள் என்று ஓர் உவமையையும் சொல்லிவிட்டார். உவமை செய்த அநியாயத்துக்கு இதைப் போல இன்னொரு உதாரணம் நான் அறியேன். கதை எழுதுகிறவன் பொருத்தமில்லாத உவமையை எழுதினால் கதை கெடும். வைத்தியர் எழுதினால் குடும்பம் கெடும். 'ரெப்ரிஜிரேட்டர்த் தாய்' என்ற பெயர் தேசமெங்கும் பரவிற்று.

சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் ஒரு குழந்தைகள் விடுதிப் பள்ளியை நடத்திவந்தார். ஹிட்லரின் சிறை முகாம்களில் அகப்பட்டு மீண்டவர். 1967இல் அவர் எழுதிய 'வெறுங்கோட்டை' என்னும் பொருள்படும் தலைப்புள்ள நூலில், முகாமில் நம்பிக்கை இழந்த கைதிகளின் நிலையையும் இக்குழந்தைகளின் நிலையையும் ஒப்பிட்டார். அப்படியானால் முகாமின் காவலாளி யார்? பெற்றவள்தான்! குழந்தை பிறக்காமல் இருந்திருக்கலாம் என்று தாய் உள்ளூர நினைத்ததே குழந்தையை உள்ளே ஒடுங்க வைத்தது என்றார். பரிகாரம், குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பது.

நம் ஊரிலும் குழந்தைக்கு ஏதேனும் வந்தால், "பெற்றவள் என்ன பத்தியம் கெட்டாளோ!" என்று திண்ணையில் பேசுவார்கள். அதே பேச்சைச் சாஸ்திர பாஷையில் பேசினார்கள் என்பதுதான் வித்தியாசம். தினமும் மணிக்கணக்காகக் குழந்தையோடு மன்றாடிக் களைத்துப்போன தாய்மார்கள், மனநோய் டாக்டரின் முன்னால் உட்கார்ந்து, தாங்கள் எந்தக் கணத்தில் அன்பு செலுத்தத் தவறினோம் என்று நினைவைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களை விடுவித்தவரும் ஒரு தகப்பனார்தான். பெர்னார்டு ரிம்லாண்டு என்பவர் அமெரிக்கக் கடற்படையில் மனோதத்துவ ஆராய்ச்சியாளராக வேலை பார்த்தவர். 1956இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பிறந்த நாள் முதல் ஓயாத அழுகை, எடுத்தால் ஒட்டவில்லை, தாயின் முகத்தையே பார்க்கவில்லை. பிறந்த சிசுவுக்குத் தாயின் மனம் எப்படித் தெரியும்? ரிம்லாண்டு கிடைத்ததையெல்லாம் படித்தார். இதே தாய்மார்கள் பெற்ற மற்றக் குழந்தைகள் நன்றாக இருப்பதைக் கண்டார். உருவொத்த இரட்டையர்களில் இருவருக்குமே இது இருந்ததைக் கண்டார். 1964இல் இது மூளையைப் பற்றிய விஷயமே தவிர, தாயன்பைப் பற்றியது அல்ல என்று நிலைநாட்டி ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் கானரேதான். 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டம் ஒன்றில் கானர் எழுந்து நின்று, பெற்றோர்களே, உங்கள் மீது குற்றம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சபையிலே எத்தனை தாய்மார்களின் கண்கள் ஈரமாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1977இல் ஸூஸன் போல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். உருவொத்த இரட்டையர் 11 ஜோடியில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிஸம் இருந்தது; உருவொவ்வாத 10 ஜோடியில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. பரம்பரைக் கூறுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பதும், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே மூளையின் அமைப்பில் இது தொடங்கிவிடுகிறது என்பதும் அதன் பின் வந்த ஆராய்ச்சிகளால் மேலும் மேலும் உறுதியாயின.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால், 'குற்றம் யாருடையதும் அல்ல' என்பதை மனித மனம் அவ்வளவு சுலபமாக ஏற்பதில்லை. அழுவதற்கு ஒரு தோளும், ஏசுவதற்கு ஓர் ஆளும் இல்லாவிட்டால் துக்கம் இரட்டிப்பாகிவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் ஒரு டாக்டர் நுழைந்தார்.

1998 பிப்ரவரி மாதம், லண்டனில் ராயல் ப்ரீ ஆஸ்பத்திரியில் ஆண்ட்ரூ வேக்பீல்டு என்ற குடல் நோய் ஆராய்ச்சியாளர், 12 குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' என்னும் பெயர் பெற்ற வைத்தியப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கூட ஒப்பமிட்டவர்கள் 12 பேர். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசிக்குப் பிறகே தங்கள் குழந்தைகள் மாறினார்கள் என்று எட்டுக் குழந்தைகளின் பெற்றோர் சொன்னதாக அதில் கண்டிருந்தது. தொடர்பு நிரூபணமாகவில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொண்டது. ஆனால் பத்திரிகை நிருபர்களைக் கூட்டி, கூட்டு ஊசியை நிறுத்தித் தனித்தனி ஊசியாகப் போடவேண்டும் என்று வேக்பீல்டு சொன்னார். கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள்? செய்தித்தாளை எல்லாரும் படித்தார்கள்.

பிறகு ஆறு வருஷம் கழித்து, பிரையன் டீர் என்ற நிருபர் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். ஊசி தயாரித்த கம்பெனிகள் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வக்கீலிடமிருந்து வேக்பீல்டு பணம் பெற்றுக்கொண்டிருந்தார். மொத்தம் 4 லட்சம் பவுண்டுக்கு மேல். தனித் தட்டம்மை ஊசி ஒன்றுக்கு உரிமைப் பதிவு கேட்டு, கட்டுரைக்கு முந்திய வருஷமே மனுச் செய்திருந்தார். முன்பு நன்றாக இருந்ததாகக் கட்டுரை சொன்ன 12 குழந்தைகளில் 5 பேருக்கு, ஊசிக்கு முன்பே வளர்ச்சியில் கவலை இருந்ததை ஆஸ்பத்திரிக் குறிப்புகள் காட்டின. தம் மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த சிறுவர்களிடம் ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்து ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுத்ததும் வெளிவந்தது. 2004இல் கூட ஒப்பமிட்டவர்களில் 10 பேர் அந்த முடிவிலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் 'லான்செட்' கட்டுரையை ரத்துச் செய்தது. அதே ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் வைத்தியர் பட்டியலிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது.

"அந்தப் பெரிய டாக்டர் இவர்தான், அம்மா" என்றேன் என் உறவுப் பெண்ணிடம்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் பொய் சொன்னார், சரி. நான் பொய் சொல்லவில்லையே, பெரியப்பா! ஊசி போட்டதும் நிஜம், பேச்சு நின்றதும் நிஜம்" என்றாள்.

நியாயமான கேள்வி. அந்தப் பன்னிரண்டு குழந்தைகளின் பெற்றோர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். காக்கை உட்கார்ந்ததும் நிஜம். பழம் விழுந்ததும் நிஜம். காக்கைதான் தள்ளிற்றா என்று அறிய வேண்டுமானால், காக்கை உட்காராத மரங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேச்சும் விளையாட்டும் தளிர்க்க வேண்டிய இரண்டாம் வயதில்தான் ஆட்டிஸம் கண்ணுக்குத் தெரிய வருகிறது. சில குழந்தைகள் கற்ற சொற்களை இழப்பதும் அந்த வயதில்தான். ஊசி போடுவதும் அதே வயதில்தான்.

காக்கை உட்காராத மரங்களை எண்ணியும் பார்த்தார்கள். டென்மார்க்கில் 1991 முதல் 1998 வரை பிறந்த 5,37,303 குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2002இல் முடிவு வெளியிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் போட்டுக்கொள்ளாதவர்களிலும் ஆட்டிஸத்தின் அளவில் வேற்றுமை இல்லை. 2019இல் அதே தேசத்தில் 6,57,461 குழந்தைகளை மறுபடி ஆராய்ந்தார்கள். அதே முடிவு.

ஜப்பானின் கதை இன்னும் தெளிவானது. அங்கே பயன்பட்ட கூட்டு ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான பாகம் சில குழந்தைகளுக்கு மூளை உறைக் காய்ச்சலை உண்டாக்கிற்று. அந்தத் தீங்கு கண்டுபிடிக்கப்பட்டது; 1993இல் அந்த ஊசியையே நிறுத்திவிட்டார்கள். ஊசியில் தீங்கே வராது என்று யாரும் சத்தியம் செய்யவேண்டியதில்லை. வந்தால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். ஆனால் கூட்டு ஊசி நின்ற பிறகும் யோகஹாமா நகரின் ஒரு பகுதியில் பிறந்த குழந்தைகளை ஆண்டுவாரியாகக் கணக்கெடுத்தபோது, ஆட்டிஸம் குறையவில்லை, கூடிக்கொண்டே போயிற்று. காக்கையை விரட்டியாகிவிட்டது, பழம் விழுந்துகொண்டேதான் இருந்தது.

இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் வருத்துவது ரிம்லாண்டின் முடிவு. தாய்மார்களைப் பழியிலிருந்து விடுவித்த அந்த மனிதர், தம் பிற்காலத்தில் ஊசிகளின் மீதே குற்றம் சாட்டுவோர் பக்கம் சேர்ந்துகொண்டார். 2006இல் காலமாகும்வரை அதிலிருந்து மீளவில்லை. ஒரு தடவை நிபுணர்கள் எல்லாரும் சேர்ந்து தாய்மார்களைப் பொய்யாகக் குற்றம் சாட்டியதை அவர் கண்ணால் கண்டவர். இனி நிபுணர்களை நம்புவதில்லை, தாய்மார்களையே நம்புவது என்று அவர் தீர்மானித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. அன்பு செலுத்தாத தாய் என்ற பழியை எடுத்துவிட்டு, ஊசிக்குக் குழந்தையைப் பிடித்துக்கொடுத்த தாய் என்ற பழியை அதே தோளில் வைத்தார்கள். சுமையின் பெயர் மாறிற்று, சுமப்பவள் மாறவில்லை.

இந்தப் பொய்க்கு விலை கொடுத்தவர்கள் வேறு குழந்தைகள். இங்கிலாந்தில் 1990களின் நடுவில் நூற்றுக்கு 92 குழந்தைகள் கூட்டு ஊசி போட்டுக்கொண்டார்கள். 2003-04இல் அது 80ஆகக் குறைந்தது. வேல்ஸில் ஸ்வான்ஸி என்னும் நகரில், உள்ளூர்ப் பத்திரிகையே ஊசிக்கு எதிராகப் பிரசாரம் செய்தது. பதினைந்து வருஷம் அம்மை காத்துக்கொண்டிருந்தது. 2012 நவம்பர் முதல் 2013 ஜூலை வரை அங்கும் சுற்றுப்புறங்களிலும் 1,200க்கும் மேற்பட்டோருக்கு அம்மை கண்டது. 88 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 25 வயது இளைஞன் ஒருவன் இறந்தான். குழந்தைப் பருவத்தில் ஊசி போடாமல் விட்ட பிள்ளைகளை, தங்களைவிட உயரமாக வளர்ந்த பிறகு கூட்டிக்கொண்டு வந்து பெற்றோர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றார்கள்.

அம்மையை நாம் மறந்துவிட்டோம். அதனால்தான் ஊசியைக் கண்டு பயப்படுகிறோம். மறக்காத ஒருவர் இருந்தார். குழந்தைகளுக்குக் கதை எழுதிப் பேர் பெற்ற ரோல்டு டால் என்ற ஆங்கில எழுத்தாளர். 1962 நவம்பரில் அவருடைய ஏழு வயது மகள் ஒலிவியாவுக்குத் தட்டம்மை கண்டது. குணமாகி வருகிறாள் என்றே நினைத்தார். படுக்கையில் பக்கத்தில் அமர்ந்து, வர்ணக் கம்பிகளை வளைத்துச் சிறு சிறு பிராணிகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். குழந்தையின் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. தூக்கமாக வருகிறது என்றாள். ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பிற்று; பன்னிரண்டு மணி நேரத்தில் உயிர் போயிற்று. அம்மை மூளையைத் தாக்கிவிட்டது. அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஊசி வந்தது. 1980களில் அவர் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு அன்று செய்ய ஒன்றும் இருக்கவில்லை என்றும், இன்று மற்றவர்களுக்கு இருக்கிறது என்றும் அதில் சொன்னார். ஒரு தகப்பனின் சொல்லையே கேட்பதானால், இந்தத் தகப்பனின் சொல்லையும் கேட்க வேண்டாமா?

நம் நாட்டு வதந்தி ஒன்றும் புதிதல்ல. நான் சிறுவனாக இருந்தபோது அம்மை குத்துகிறவர் தெருவில் வருகிறார் என்றால், என் பாட்டி என்னை நெற்குதிருக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வாசலில் போய் நின்றுகொள்வாளாம். பிடிபட்டதற்கு அடையாளமாக என் கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பு போட்ட வேலையால், பெரியம்மையே உலகத்தில் இல்லாமல் போயிற்று. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா ஊசி இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸாப்பில் வந்த வதந்திகளுக்குப் பயந்து பல பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பத் தயங்கினார்கள். என் பாட்டியின் பயம் அன்பில் பிறந்தது. இவர்களுடைய பயமும் அப்படித்தான். அந்த அன்பை ஏளனம் செய்வது பாவம். அதற்குப் பொய்யைத் தீனியாகப் போடுவது அதைவிடப் பெரிய பாவம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவள், "அப்படியானால் இவனுக்கு ஏன் வந்தது?" என்றாள்.

"உன் கையால் வரவில்லை. அவன் உன் வயிற்றில் உருவாகும்போதே அவன் மூளை அப்படி அமைந்துவிட்டது. நீ செய்த எதனாலும் அல்ல. செய்யாத எதனாலும் அல்ல. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது" என்றேன். அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். குற்றவாளி இல்லாத துக்கத்தை அழுதுதான் தீர்க்க வேண்டும்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். அவள் கைக்குழந்தையோடு உள்ளே போனாள். நான் பையனோடு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். மேலே விசிறி சுற்றவில்லை. பையன் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, என் கையை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவரிலிருந்த ஸ்விட்சின் மேல் வைத்தான். போட்டேன். விசிறி சுற்றிற்று. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது, சற்றைக்கெல்லாம் அடங்கிற்று. அவள் வெளியே வந்தாள். "இந்தத் தடவையும் நான்தான் பெரியப்பா பிடித்துக்கொண்டேன்" என்றாள்.